பச்சைக் குழந்தைக்குக் கார் சீட்: முதுகைக் காட்டி உட்கார வைப்பது எப்படி

மகளை ஐந்தாம் மாதம் பொள்ளாச்சியிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தோம். அவளுக்கான கார் சீட்டை, அதாவது கார் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, பின்பக்கம் பார்த்து உட்கார வைக்கும் கூடையை, வாங்கி அப்போது ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வாங்கிய அன்று கடையில் வேலை பார்த்த தம்பி, "நானே மாட்டித் தர்றேன் சார்" என்று இரண்டு நிமிடத்தில் பெல்ட்டை இழுத்துப் பக்கிளைப் போட்டுக் கொடுத்தார். "டக்" என்று சத்தம் வந்தது. சத்தம் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

வாழப்பாடி தாண்டி ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்தேன், அதுவும் பெரிய பிரேக் இல்லை. பின்னாலிருந்து மனைவி "ஏங்க!" என்று அலறினாள். திரும்பிப் பார்த்தால் கூடையின் தலைப்பக்கம் முன் சீட்டை நோக்கிச் சாய்ந்து கிடந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, தூக்கம்கூடக் கலையவில்லை. ஓரங்கட்டி நிறுத்தி, சீட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தோம். இடுப்புப் பெல்ட் குழந்தையின் கால்பக்கம் இரண்டு நீலக் கொக்கிகளுக்குள் போக வேண்டும். தோள் பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றிப் பின்னால் உள்ள நீலக் கொக்கியில் மாட்ட வேண்டும். எங்கள் சீட்டில் இரண்டு பெல்ட்டும் கால்பக்கமே நின்றன. முதுகுப்பக்கம் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஒன்றரை மாதம் தடுப்பூசிக்கும் கோயிலுக்கும் அவள் அப்படித்தான் போய் வந்திருக்கிறாள்.

அதனால் எந்த பிராண்ட் நல்லது என்று நான் எழுதப் போவதில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் விலையைப் பார்த்து மண்டையைக் குழப்பிக்கொள்ளும் நேரத்தில் பாதியை மாட்டிப் பழகுவதற்குச் செலவழித்தால் போதும்.

ஏன் முதுகைக் காட்டி?

கார் எதிலாவது மோதினால் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். சீட் பெல்ட் நம் உடம்பைப் பிடித்து நிறுத்தும், தலை மட்டும் முன்னால் வீசப்படும். பெரியவர்களுக்குக் கழுத்து ஓரளவு தாங்கும். பிறந்த குழந்தைக்குத் தலையே உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. நமக்கு ஏழில், எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைச் சுமக்கிற கழுத்தெலும்புகளோ இன்னும் முழு எலும்பாகவே ஆகியிருக்காது. துண்டு துண்டாக, நடுவில் குருத்தெலும்பு வைத்து இணைத்த மாதிரி இருக்கும். அவை ஒன்றாகக் கூடி இறுகுவது மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள். முன்னால் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் தலை இழுபட்டால் அந்தக் கழுத்து நீண்டு கொடுக்கும். உள்ளே ஓடும் தண்டுவடம் அவ்வளவு நீளாது.

பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டின் ஓட்டுக்குள் அழுந்தும். அடி ஒரே இடத்தில் விழாமல் முதுகு முழுக்கப் பரவிவிடும். இந்த யோசனை 1960களில் சுவீடனில் பிறந்தது. சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மானுக்கு, ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்து ஏவுதலின் அழுத்தத்தை முதுகில் வாங்கிக்கொள்வதைப் பார்த்துத்தான் இது தோன்றியது. 1964-இல் முதல் மாதிரி சீட்டை வோல்வோ காரில் வைத்துச் சோதித்தார்கள். அந்த நாட்டில் இன்றைக்கும் நாலு வயது வரை குழந்தையைப் பின்பக்கம் பார்த்தே உட்கார வைப்பது சாதாரணப் பழக்கம்.

"அப்போ பின்னாலிருந்து லாரி இடிச்சா?" என்று எல்லாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். பின்னால் இடிக்கும் வண்டி பெரும்பாலும் நாம் போகும் திசையிலேயே வருவது. இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அடியாக விழும். நேருக்கு நேர் மோதுவதும், நின்ற லாரியில் போய் மோதுவதும்தான் உயிரை வாங்குபவை. சீட் அந்தத் திசைக்காகச் செய்யப்பட்டது.

அடுத்தது மடி. எங்கள் வீட்டில் சட்டம், விஞ்ஞானம் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை இதுதான். "ஏனுங்க மாப்ள, பச்சப்புள்ளயப் போய்க் கூடையில போட்டுக் கட்டறீங்க? எம்மடியில குடுங்க, நான் உட மாட்டேன்" என்றார் மாமியார். விட மாட்டார், உண்மைதான், ஆனால் பிடித்து வைத்திருக்க அவரால் முடியாது. கணக்குப் போட்டுக் காட்டினேன். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மோதி நிற்க நொடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் 8 கிலோ குழந்தை 110 கிலோ போல இழுக்கும். இரண்டு சிமெண்டு மூட்டைக்கும் மேல். "ரெண்டு மூட்டையா?" என்று ஒரு நிமிடம் யோசித்தார். மாமனார் வீடு கட்டியபோது மூட்டை இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். பிறகு மறுபேச்சு இல்லை. குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டு வந்தார். மடியில் வைத்துக்கொண்டு இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போடுவது இன்னும் மோசம். நம் உடம்பின் எடையும் சேர்ந்து குழந்தையைப் பெல்ட்டோடு நசுக்கிவிடும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் போனால் அபராதம் 1,000 ரூபாய். அந்த அபராதம் கட்டிய ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

வாங்கும் முன்

பிறந்த குழந்தைக்கு இரண்டு வகை உண்டு. ஒன்று கைப்பிடி வைத்த கூடை. பொதுவாக 13 கிலோ வரை, பின்பக்கம் பார்த்து மட்டும். தூங்கும் குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகலாம், இன்னொருவர் காரிலும் சட்டென்று மாட்டலாம். ஒரு வயதைத் தாண்டினால் பெரும்பாலும் தலை முட்டிவிடும். இன்னொன்று காரிலேயே நிற்கும் பெரிய சீட். முதலில் பின்பக்கம் பார்த்தும், வளர்ந்தபின் முன்பக்கம் பார்த்தும் மாட்டலாம். ஒரே சீட்டில் முடித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது சரி. ஆனால் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வியை அழுத்திக் கேளுங்கள்: பின்பக்கம் பார்த்து எத்தனை கிலோ வரை? டப்பாவில் "0-18 கிலோ" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே கையேட்டில் பின்பக்கம் பார்த்து 13 கிலோ வரைதான் என்று பொடியாக எழுதியிருக்கும். 18 கிலோ வரை பின்பக்கம் பார்க்கும் சீட்டுகளும் இருக்கின்றன. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

சீட்டில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற லேபிளில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் ஐ.நா. விதிப்படி சோதித்தது என்று அர்த்தம். ஆர்44 என்பது பழைய விதி, சீட்டை எடையை வைத்துப் பிரிக்கும். 2013-இல் வந்த ஆர்129 உயரத்தை வைத்துப் பிரிக்கும், பக்கவாட்டு மோதலையும் சோதிக்கும், குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்க்க வேண்டும் என்றும் சொல்லும். இந்தியத் தரம் ஏஐஎஸ்-072. லேபிளே இல்லாத சீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் கடை வாசலில் உங்கள் காரிலேயே வைத்துப் பாருங்கள். சிறிய கார்களில் சில சமயம் பின் சீட் பெல்ட் நீளம் போதாது. கூடையின் முதுகைச் சுற்றி வந்து பக்கிளை எட்டாமல் நாலு விரல்கடை தூரத்தில் நின்றுவிடும். பெரிய சீட்டாக இருந்தால் அதற்கு முன்னால் உள்ள சீட்டை எவ்வளவு நகர்த்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். உயரமானவர் அங்கே உட்கார வேண்டியிருந்தால் தகராறுதான்.

பிறக்கும் முன் குழந்தைக்கு எதையும் வாங்கக் கூடாது என்பது பல வீடுகளில் இருக்கும் வழக்கம். எங்கள் வீட்டிலும் உண்டு. அப்படியானால் எட்டாம் மாதமே கடைக்குப் போய் வைத்துப் பார்த்து முடிவு செய்துவிட்டு, பிறந்த அன்று யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்துக்கே அது வேண்டும். நாங்கள் அந்தப் பயணத்தைத் தவறவிட்டவர்கள்.

எங்கே வைப்பது

பின் சீட்டில். முன் சீட்டில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் பின்பக்கம் பார்த்த சீட்டை அங்கே வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரிவது கண்ணிமைக்கும் நேரத்துக்குள். குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டின் மேல் நேராக அறையும். இதில் "மெதுவாகத்தானே போகிறோம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பின் சீட்டில் நடு இடம் எல்லாப் பக்கவாட்டு மோதலிலிருந்தும் தூரமானது. ஆனால் பழைய கார்கள் பலவற்றில் நடுவில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான், பெல்ட் இல்லாமல் சீட்டை நேராகக் காரோடு பூட்டும் இரும்பு வளையங்களான ஐசோஃபிக்ஸும் அங்கே இருக்காது. சரியாக மாட்ட முடியாத நடு இடத்தைவிட, இறுக்கமாக மாட்ட முடிந்த ஓரமே மேல். நம் ஊரில் டிரைவருக்குப் பின்னால் வைப்பதைவிட இடதுபக்கம் வைப்பது நல்லது. குழந்தையைப் பிளாட்பாரம் பக்கமாக நின்று இறக்கலாம். வலதுபக்கம் நின்றால் முதுகுக்குப் பின்னால் பஸ் உரசிக்கொண்டு போகும்.

மாட்டுவது

குழந்தை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சீட்டின் கையேட்டையும் காரின் கையேட்டையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல்முறை அரை மணி நேரம் ஆகும்.

காரில் ஐசோஃபிக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க, பின் சீட்டின் முதுகும் அடிமெத்தையும் சேரும் இடுக்கில் விரலை விடுங்கள். ஒரு சாணைவிடக் கொஞ்சம் அதிகமான இடைவெளியில், சரியாகச் சொன்னால் 28 சென்டிமீட்டரில், இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். சீட்டின் இரண்டு கைகளையும் அவற்றில் தள்ளினால் தனித்தனியாக இரண்டு 'கிளிக்' கேட்கும், காட்டி பச்சைக்கு மாறும். ஒரு பக்கம் மட்டும் பச்சையானால் மாட்டவில்லை என்றுதான் பொருள். சீட்டுக்கு முட்டுக்கால் இருந்தால் அது கார் தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். சில கார்களில் கால் வைக்கும் இடத்துக்கு அடியில் சாமான் வைக்கும் பெட்டி இருக்கும். அதன் மூடிமேல் முட்டுக்காலை ஊன்றலாமா என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். பெரும்பாலும் கூடாது என்றுதான் இருக்கும்.

பெல்ட்டில் மாட்டுவதானால் நிறத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பின்பக்கம் பார்த்தால் நீலம், முன்பக்கம் பார்த்தால் சிவப்பு. பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் போக வேண்டும். பக்கிளைப் போட்டபின் சீட்டை ஒரு கையால் பலமாக மெத்தைக்குள் அழுத்திக்கொண்டு, முதலில் இடுப்புப் பெல்ட்டின் தொய்வை இழுங்கள், பிறகு தோள் பெல்ட்டை. நம் கார்களின் பெல்ட் பொதுவாக வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும், மற்ற நேரம் தளர்ந்து கொடுக்கும். ஆகவே சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் இருந்தால் அதை மறக்காமல் பூட்டுங்கள்.

இப்போது பெல்ட் போகிற இடத்துக்குப் பக்கத்தில் சீட்டைப் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கடைசியாகச் சாய்வு. தலை நிற்காத குழந்தைக்குச் சீட் கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குழல் மடங்கும். சீட்டின் பக்கத்தில் குமிழியோ கோடோ இருக்கும். காரைச் சமதளத்தில் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். வளர வளர நிமிர்த்திக்கொள்ளலாம்.

குழந்தையை உட்கார வைப்பது

ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் துணியில் பொட்டலம் மாதிரி சுற்றிக் கையில் கொடுப்பார்கள். அப்படியே சீட்டில் வைத்துக் கட்ட முடியாது. இரண்டு கால்களுக்கும் நடுவில் பக்கிள் வர வேண்டும். துணியை அவிழ்த்துவிட்டு, முதுகும் புட்டமும் சீட்டோடு ஒட்ட உட்கார வைத்து, பட்டைகளைப் போட்டு, அதற்கு மேல் துணியைப் போர்த்துங்கள். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போதும் இதேதான். தடித்த ஸ்வெட்டருக்கு மேல் பட்டையை இழுத்தால் இறுக்கமாகத் தெரியும். மோதலில் அந்தப் பஞ்சு நசுங்கி உள்ளே ஒரு கை நுழையும் அளவுக்குத் தொய்வாகிவிடும்.

தோள் பட்டை குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ வெளியே வர வேண்டும். முன்பக்கம் பார்க்கும் சீட்டுக்கு இது நேர்மாறு, அங்கே தோளுக்கு மேலிருந்து. இறுக்கிய பின் தோளெலும்புக்கு மேல் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாகக் கிள்ள வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். அழுவாளே என்று தளர்த்திவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. இறுக்கத்துக்காக அழும் குழந்தை குறைவு. பசி, புழுக்கம், ஈரம் இதற்குத்தான் அழும்.

தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைக்கும் வழக்கம் தொட்டிலோடு நிற்கட்டும். சீட்டோடு வந்த மெத்தையைத் தவிர வேறு எதையும் தலைக்கோ முதுகுக்கோ வைக்காதீர்கள். கூடையின் கைப்பிடி ஓட்டத்தில் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது சீட்டுக்குச் சீட்டு மாறும், கையேட்டைப் பாருங்கள்.

நம் வெயிலில்

நிழல் இல்லாத இடத்தில் நிறுத்திய காரில் பக்கிளின் உலோகம் குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். இறங்கும்போது சீட்டின் மேல் வெள்ளை வேட்டித் துணி ஒன்றைப் போட்டுவிட்டு, ஏறும்போது பக்கிளைக் கையால் தொட்டுப் பார்ப்பது எங்கள் பழக்கம். பின்பக்கம் பார்த்த சீட்டுக்கு ஏசிக் காற்று சரியாக எட்டாது, கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். குழந்தை தூங்குகிறதே, ஒரே ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று காரில் விட்டுவிட்டு இறங்கவே கூடாது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் சூடு பெரிதாகக் குறையாது.

நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து நீட்டிப் படுக்க வைக்க வேண்டும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். குறைமாதக் குழந்தையானால் டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள். பொள்ளாச்சியிலிருந்து சென்னைக்கு நாங்கள் பெருந்துறை, சேலம், கள்ளக்குறிச்சி, விக்கிரவாண்டி, மதுராந்தகம் என்று நின்று நின்று வந்தோம். வாழப்பாடியில் நின்றது கணக்கில் சேராது. பால் கொடுப்பதும் வண்டி நின்ற பிறகுதான், ஓடும்போது எடுத்துக் கொடுத்தால் சீட்டுக்கு வேலையே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கூடையிலேயே தூங்கவிடாமல் எடுத்துச் சமமான படுக்கையில் போடுங்கள்.

எப்போது திருப்புவது

முதல் பிறந்தநாளுக்குள் வீட்டில் ஆரம்பிப்பார்கள். "கால் மடங்கிக் கெடக்குது பாவம், வேடிக்க பாக்கட்டும்." மடங்கிய கால் பெரியவர்கள் கண்ணுக்குத்தான் கஷ்டம். குழந்தைகள் நாள் முழுக்கச் சம்மணம் போட்டும் காலைத் தலைக்கு மேல் தூக்கியும் உட்காருகிறவர்கள். மோதலில் கால் அடிபடுவதும் முன்பக்கம் பார்த்த குழந்தைகளுக்குத்தான் அதிகம். திருப்புவதற்கு வயது கணக்கில்லை. சீட் பின்பக்கம் பார்த்துத் தாங்கும் எடையைத் தாண்டினாலோ, தலை உச்சிக்கும் ஓட்டின் விளிம்புக்கும் நடுவில் ஓர் அங்குலம் இல்லாமல் போனாலோதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் முன்பு இரண்டு வயது வரை என்றது, 2018-இல் வயதையே எடுத்துவிட்டு, சீட் தாங்கும் வரை பின்பக்கம் பார்த்தே இருக்கட்டும் என்று மாற்றியது. எங்கள் மகளை மூன்று வயது தாண்டித்தான் திருப்பினோம். வாந்தி எடுக்கிறாள் என்று நடுவில் ஒருமுறை திருப்ப நினைத்தோம். கிளம்பும் முன் வயிறு முட்டப் பால் கொடுப்பதை நிறுத்தினோம், அதோடு சரியாகிவிட்டது.

டாக்சியில் போவதுதான் இன்னும் எங்களுக்குப் பிடிபடாத இடம். கூடை வகையாக இருந்தால் எடுத்துப்போய்ப் பெல்ட்டில் மாட்டலாம். சில டிரைவர்கள் முனகுவார்கள், சில கார்களில் பின் சீட் கவருக்கு அடியில் பக்கிளே புதைந்து கிடக்கும். வண்டி வருவதற்கு முன்பே போனில் "பின்னாடி பெல்ட் வேலை செய்யுதாண்ணா?" என்று கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

போன மாதம் கொழுந்தியாள் எங்கள் பழைய கூடையைக் கேட்டாள். மோதலைப் பார்த்த சீட்டை வெளியே கீறலே இல்லாவிட்டாலும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. யார் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாத சீட்டையும் வாங்கக் கூடாது. எங்களுடையது மோதியதில்லை. கவிழ்த்து அடியில் பதிந்திருந்த தயாரிப்பு மாதத்தைப் பார்த்தேன், கையேட்டில் போட்டிருந்த காலக்கெடுவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பட்டைகளைத் துவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து, கையேட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முதுகுப்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். மாட்டிக் கொடுக்கவில்லை. சகலையைப் பக்கத்தில் நிறுத்தி, நீலக் கொக்கியைக் காட்டி, அவரையே மூன்று முறை மாட்ட வைத்தேன்.